குளியலை எண்ணிவிட்டு விலை கேளுங்கள்

வீட்டுக் கருவிகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஹீட் பம்ப் என்ற ஒரே சொல்லைச் சுற்றி வந்திருக்கின்றன. நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கு அதிக இடம் போய்விட்டது. அதை எழுதிய அம்மா தம் வீட்டின் விவரங்களை ஒன்று விடாமல் கொடுத்திருந்தார். அப்படி எழுதுகிறவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

கேள்வி: ஐயா, சிராங்கூன் கார்டன்ஸில் இரண்டு மாடியும் மேலே ஒரு பரண் அறையும் உள்ள வரிசைத் தரைவீட்டில் இருக்கிறோம். வீட்டில் ஏழு பேர்: 78 வயது மாமியார், நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், பணிப்பெண். கூரைக்கு அடியில் இருக்கும் இரண்டு வெந்நீர்த் தொட்டிகளில் ஒன்று ஒழுகி, கூரைப் பலகையில் கறை படிந்துவிட்டது. மூன்று விலைப்புள்ளிகள் வாங்கினோம். இரண்டு தொட்டிகளையும் அதே மாதிரி மின் தொட்டிகளாக மாற்ற 900 வெள்ளி. 200 லிட்டர் ஹீட் பம்ப் 3,600 வெள்ளி. 300 லிட்டர் 4,800 வெள்ளி. மின்சாரத்தில் 80 விழுக்காடு மிச்சம் என்கிறார் விற்பனையாளர். கணவர் 300 லிட்டர்தான் வேண்டும் என்கிறார். மாமியார், "இருப்பது மாதிரியே ஒன்று போதும், எதற்கு இவ்வளவு செலவு?" என்கிறார். கூரையில் சூரியத் தகடுகள் இருக்கின்றன. எதை வாங்குவது?
வாசகி, சிராங்கூன் கார்டன்ஸ்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் விலை இருந்தது, கொள்ளளவு இருந்தது. ஒரு நாளில் அந்த வீட்டில் எத்தனை வெந்நீர்க் குளியல் நடக்கிறது என்பது மட்டும் இல்லை. ஆசிரியர் குழு வழியாக அதைக் கேட்டேன். நீங்கள் ஒரு வாரம் சமையலறை நாள்காட்டியில் கோடு போட்டு எண்ணி அனுப்பினீர்கள்: நாளுக்குச் சராசரி 11. காலையில் ஐந்து, மாலையில் ஆறு. கணவர் காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார், மாமியாருக்கு இரண்டு வேளையும் வெந்நீர். இந்தப் பதினொன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் மேலே போகப்போகிறேன்.

அதற்கு முன்னால், ஹீட் பம்ப் என்றால் என்ன என்பதை மாமியாருக்கும் சொல்லிவிட வேண்டும். நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1981இல், ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில் குளிர்கிடங்கு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் எடுபிடிப் பையனாக. சுவருக்கு உள்ளே மீன் கல்லாக உறைந்து கிடக்கும். சுவருக்கு வெளியே ஓடும் செம்புக் குழாயில் கை வைத்தால் சுடும். இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "மீனிடமிருந்து வருகிறது" என்றார் என் மேஸ்திரி. அந்த ஒரு பதிலில் நான் இந்த வேலையை விரும்பத் தொடங்கினேன். குளிர்சாதனக் கருவி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஹீட் பம்ப் வெந்நீர்க் கருவியும் அதே இயந்திரம்தான். வெளியே கொட்டப்படும் அந்தச் சூட்டைத்தான் நாம் தொட்டித் தண்ணீருக்குள் இறக்குகிறோம். கெல்வின் பிரபு 1852இலேயே இந்த வழியை விளக்கி எழுதிவிட்டார்.

மின் தொட்டிக்குள் இருக்கும் கம்பிச்சுருள், ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம் கொடுக்கும். அதற்கு மேல் அதனால் முடியாது. ஹீட் பம்ப் அதே ஒரு யூனிட்டைச் செலவழித்து, காற்றிலிருந்து இரண்டு மூன்று யூனிட் வெப்பத்தைச் சுமந்து வரும். சுற்றியுள்ள காற்று எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறதோ அவ்வளவு சுலபமாகச் சுமக்கும். நம் சிங்கப்பூரில் மார்கழியிலும் காற்று 22 டிகிரிக்குக் கீழே அரிதாகத்தான் இறங்குகிறது. இந்தக் கருவிக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது.

இனி உங்கள் பதினொன்று. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்ற 1.16 வாட் மணி வேண்டும் (ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட்). என் வீட்டுக் குழாய்த் தண்ணீரை விடியற்காலையில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன்: 28 டிகிரி. குளிக்க 40 டிகிரி போதும். ஆக 12 டிகிரி ஏற்றம். ஒரு குளியலுக்கு 40 லிட்டர் என்றால் சுமார் 0.56 யூனிட். பதினொரு குளியலுக்கு 6.1 யூனிட்.

மின் தொட்டிகளில் இதோடு ஒரு செலவு சேர்கிறது, கண்ணுக்குத் தெரியாதது. யாரும் குளிக்காமலேயே தொட்டி நாள் முழுவதும் சூட்டை இழந்துகொண்டிருக்கும். என் தங்கை வீட்டுப் பழைய தொட்டியில் அளவுமானி பொருத்தி, குடும்பமே ஊருக்குப் போயிருந்த வாரம் பார்த்தேன், நாளுக்கு 1.2 யூனிட் சும்மா போயிற்று. உங்கள் வீட்டில் இரண்டு தொட்டிகள், சுவிட்சை அணைப்பதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே 2.4 சேர்த்து நாளுக்கு 8.5 யூனிட், மாதம் 255. யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் ஏறத்தாழ 76 வெள்ளி. ஹீட் பம்புக்குத் தொட்டி இழப்பு 1.5 யூனிட் என்று தாராளமாகவே சேர்த்து, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, அதையும் சேர்த்து, மூன்றரை யூனிட் வெப்பம் என்ற விகிதத்தில் வகுத்தால் நாளுக்கு 2.2 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. மாதம் சுமார் 19 வெள்ளி 50 காசு.

விற்பனையாளர் சொன்ன 80 விழுக்காடு எங்கே நிற்கிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? எனக்கு வருவது 75. அதுவும் வெந்நீருக்கான பகுதியில்தான். ஏர்கான், குளிர்பதனப் பெட்டி எல்லாம் சேர்ந்த மொத்தக் கட்டணத்தில் இல்லை. இதை அவர் உங்களிடம் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மாதம் 57 வெள்ளி மிச்சம், ஆண்டுக்கு 680க்குக் கொஞ்சம் மேலே. 200 லிட்டர் கருவிக்கு, புதிய மின் தொட்டிகளைவிட நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 2,700 வெள்ளி. நான்கு ஆண்டுகளில் திரும்பிவிடும். 300 லிட்டர் என்றால் கூடுதல் 3,900. ஐந்தே முக்கால் ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

கணவருக்கு 200 லிட்டர் போதுமா என்ற கவலை. 55 டிகிரியில் இருக்கும் 200 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் 450 லிட்டர் கிடைக்க வேண்டும். கீழே குளிர்ந்த நீர் ஏறிக்கொண்டே வருவதால் நடைமுறையில் 370 லிட்டர் என்று வையுங்கள். ஒன்பது குளியல். உங்கள் வீட்டில் காலையில் ஐந்து, மாலையில் ஆறு. இடையில் தொட்டி மறுபடி சூடாக, 2.8 கிலோவாட் வெப்பம் தரும் கருவிக்கு அதிகம் போனால் இரண்டேகால் மணி நேரம். ஆகவே 200 போதும், சந்தேகமே வேண்டாம்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 300 லிட்டர் இருந்தால் நண்பகலில் சூரிய மின்சாரத்திலேயே ஒரே முறை சூடாக்கி, மறுநாள் காலை வரை ஓட்டிவிடலாம். 200 லிட்டரில் இரவு ஒரு முறை, ஒரு யூனிட் அளவுக்கு, வெளியிலிருந்து மின்சாரம் வாங்க வேண்டிவரும். அந்த ஒரு யூனிட்டுக்கு முழு 30 காசும் மிச்சம் என்றே கொண்டாலும் ஆண்டுக்கு 110 வெள்ளி. அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் 1,200 வெள்ளி திரும்பி வர 11 ஆண்டு ஆகும். அதற்குள் தொட்டிக்கே வயதாகிவிடும். வேண்டாம்.

விலைப்புள்ளி கொடுத்தவர்கள் யாரும் உங்களிடம் சொல்லாத இன்னொரு வழியும் உண்டு: குளியலறைக்கு ஒன்றாக மூன்று உடனடி வெந்நீர்க் கருவிகள். பொருத்துகூலியோடு 750 வெள்ளிக்குள் முடியும். 3.3 கிலோவாட் கருவி, 12 டிகிரி ஏற்றத்தில் நிமிடத்துக்கு 4 லிட்டர்தான் தரும். நீர் மெல்லியதாக விழும். அதனாலேயே செலவும் குறையும். எட்டு நிமிடக் குளியலுக்கு 0.44 யூனிட். தொட்டி இல்லை, இழப்பும் இல்லை. உங்கள் பதினொரு குளியலுக்கு மாதம் 44 வெள்ளி. இதோடு ஒப்பிட்டால் ஹீட் பம்ப் மிச்சம் பிடிப்பது மாதம் 24 வெள்ளிதான். கூடுதல் முதலீடு திரும்பப் பத்து ஆண்டு ஆகும். பணம் ஒன்றுதான் கணக்கு என்றால் உடனடிக் கருவியை வாங்குங்கள் என்றே சொல்வேன்.

உங்கள் வீட்டுக்கு நான் அப்படிச் சொல்லாததற்குக் காரணங்கள் உண்டு. வெந்நீர்க் குழாய் ஏற்கெனவே சுவருக்குள் எல்லா இடத்துக்கும், சமையலறைக்கும்கூட, ஓடுகிறது. மூன்று உடனடிக் கருவிகளும் பள்ளி நாள் காலையில் ஒரே நேரத்தில் எரிந்தால் பத்து கிலோவாட். உங்கள் வீட்டு மின்னிணைப்பு பழையது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மாற்றும் செலவு தனி. ஹீட் பம்ப் ஒரு கிலோவாட்டுக்குள் அடங்கும். இதற்கெல்லாம் மேலாக உங்கள் மாமியார். நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கிறவருக்கு நூலாக விழும் தண்ணீர் போதாது. தோளிலிருந்து முதுகுவரை ஒரே சூட்டில், நிறைவாக விழ வேண்டும். என் தாயாரை நான்கு ஆண்டுகள் குளிப்பாட்டியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மாதக் கணக்கில் ஏறாத அந்தச் சுகத்துக்கு நான் பெரிய மதிப்புப் போடுவேன்.

ஆகவே 200 லிட்டர் வாங்குங்கள். பரண் அறைக் குளியலறையை மட்டும் அதோடு இணைக்காதீர்கள். தொட்டியைப் பின்கட்டில் வைத்தால் பரணுக்குக் குழாய் குறைந்தது 15 மீட்டர் ஓடும். அந்த நீளத்தில் நாலரை லிட்டருக்கு மேல் நீர் தங்கும். ஒவ்வொரு முறையும் அது ஆறி, சாக்கடைக்குப் போகும். அங்கே குளிப்பது பெரிய மகன் ஒருவர்தான். அவருக்கு ஓர் உடனடிக் கருவி, 250 வெள்ளியில்.

இப்போது இடம். இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2011இல் செம்பவாங்கில் என் தங்கை வீட்டுக்கு ஹீட் பம்ப் பொருத்தியபோது, மழை படக்கூடாது என்று மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையில் வைத்தேன். கருவி வெப்பத்தை எடுத்துக்கொண்டு குளிர்ந்த காற்றை வெளியே விடும். கதவு மூடிய சின்ன அறையில் அந்தக் குளிர்ந்த காற்றையே அது திரும்பத் திரும்ப இழுத்தது. ஒரு மணி நேரத்தில் அறை 17 டிகிரிக்கு இறங்கியது, தண்ணீர் சூடாகவில்லை, உதவிக்கு இருந்த மின்கம்பிச்சுருள் தானாக எரியத் தொடங்கியது. இரண்டு மாதம் அவள் கட்டணம் குறையவே இல்லை. அவள் என்னிடம் சொல்லவும் இல்லை. நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே காற்று வந்துபோகும் இடம் வேண்டும். உங்கள் பின்கட்டு, மேலே கூரையும் மூன்று பக்கம் திறப்பும் உள்ளது என்றால் அதுவே சரியான இடம். அண்டை வீட்டாரோடு பொதுவாக இருக்கும் சுவரில் கருவியைச் சாய்த்துப் பொருத்தாதீர்கள்; அதிர்வு அவர்கள் படுக்கையறைக்குப் போகும். அடியில் ரப்பர்த் தாங்கிகள் போடச் சொல்லுங்கள்.

காற்றைக் குளிரவைப்பதால் ஈரம் நீராகப் படிந்து சொட்டும், நம் ஊர்க் காற்றில் அது கொஞ்சநஞ்சம் அல்ல. அதற்கு ஒரு வடிகுழாய் நேராகச் சாக்கடைக்குப் போக வேண்டும். வாளி வைத்துப் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு நாள் மறந்துவிட்டால் அந்த வாளியில் ஏடிஸ் கொசு முட்டையிட்டிருக்கும். டெங்கி வந்த வீட்டின் துன்பத்தை நான் அருகிலிருந்து பார்த்தவன்.

தொட்டியின் சூட்டை அன்றாடம் 55 டிகிரியில் வையுங்கள். வாரம் ஒரு முறை 60க்கு மேல் ஏற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். முதியவர் இருக்கும் வீட்டில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. அதே 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால், மாமியாரின் குளியலறைக்குப் போகும் குழாயில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். உங்கள் விலைப்புள்ளி மூன்றிலும் அது இல்லை.

விலைப்புள்ளியில் இல்லாத வேறு சிலவும் இருக்கின்றன. பழைய தொட்டிகளைக் கூரைக்கு அடியிலிருந்து இறக்கி அப்புறப்படுத்துவது, கறை பிடித்த பலகையை மாற்றுவது, குழாய்களுக்கு வெப்பக்காப்பு உறை, தனி மின்சுற்று, வடிகுழாய், அந்தக் கலப்பு வால்வு. 3,600க்கு மேல் இன்னும் 700 வெள்ளி ஒதுக்கிவையுங்கள். பரண் கருவியோடு சேர்த்து மொத்தம் 4,550. குழாய் வேலைக்கும் மின்வேலைக்கும் உரிமம் பெற்றவர்கள்தான் வர வேண்டும். உரிம எண்ணை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். மின்சாரமும் நீரும் மிச்சப்படுத்தும் கருவிகள் வாங்க அரசாங்கம் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டு 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூரர் வசிக்கும் தனியார் வீடுகளுக்கும் 400 வெள்ளி அளவில் கிடைக்கிறது, 2027 டிசம்பர் 31 வரை செல்லும். கடையும் திட்டத்தில் சேர்ந்ததாக, மாடலும் தகுதி பெற்றதாக இருக்க வேண்டும் என்பதால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கருவி வந்ததும் நேரம் குறிப்பானை காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைக்கும், இரவு 9.30க்கு ஒரு மணி நேரத்துக்கும் வையுங்கள். நண்பகலில் உங்கள் கூரை மின்சாரம் பயன்படும். அதை மின்கட்டமைப்புக்கு விட்டால் கிடைக்கும் தொகை நாம் வாங்கும் விலையைவிடக் குறைவு, ஆகவே வீட்டிலேயே செலவழிப்பதுதான் இலாபம். தொட்டிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். துரு தொட்டியைத் தின்னாமல் தன்னைத் தின்னக் கொடுப்பது அது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்த்து மாற்றினால் தொட்டி நீண்ட நாள் உழைக்கும். அந்தக் கம்பியை எந்தப் பக்கமாக உருவ வேண்டும் என்று பார்த்து, அங்கே இடம் விட்டுத் தொட்டியை நிறுத்தச் சொல்லுங்கள். சுவரை ஒட்டி நிறுத்திவிட்டுப் பிறகு தொட்டியையே கழற்ற வேண்டியிருந்த வீடுகள் பல பார்த்துவிட்டேன்.

கேள்வி: ஈசூனில் எங்கள் புதிய நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குச் சாவி வாங்கியிருக்கிறோம். நானும் மனைவியும் மட்டும். ஏப்ரலில் குழந்தை பிறக்க இருக்கிறது. புதுப்பிப்பு ஒப்பந்தக்காரர் 150 லிட்டர் ஹீட் பம்பைத் துணி துவைக்கும் இடத்தில் வைத்துத் தருவதாக 2,900 வெள்ளி கேட்கிறார். சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்கிறார். வைக்கலாமா?
வாசகர், ஈசூன்

பதில்: வேண்டாம், தம்பி. இரண்டு பேர், நாளுக்கு நான்கு குளியல். உடனடிக் கருவியில் மாதம் 53 யூனிட், 16 வெள்ளி. அதில் முக்கால் பங்கு மிச்சமானாலும் மாதம் 12 வெள்ளி. இரண்டு உடனடிக் கருவிகளுக்கான 500 வெள்ளியைக் கழித்தாலும் நீங்கள் கூடுதலாகப் போடும் 2,400 திரும்பி வர 16 ஆண்டுக்கு மேல். அந்தச் சின்ன இடத்தில் 150 கிலோ தண்ணீரும் கருவியும் நின்றுவிட்டால் குழந்தைத் துணி எங்கே காயும்? குழந்தைக்கு ஒரு தொட்டித் தண்ணீர் போதும், அதை உடனடிக் கருவியே கொடுக்கும். முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பாருங்கள்.

சுற்றுச்சூழல் மீது அக்கறை இருப்பது கேட்டு மகிழ்ச்சி. அந்த அக்கறையை ஏர்கானில் காட்டுங்கள். நீங்கள் எப்படியும் வாங்கப்போகும் ஹீட் பம்ப் அதுதான். அறையின் வெப்பத்தை வெளியே சுமப்பது. இரவு எட்டு மணி நேரம் ஓடப்போகும் கருவி அது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் எரிசக்திச் சிட்டை ஏர்கானுக்கு 2008 முதல் கட்டாயமாக இருக்கிறது. ஐந்து டிக் உள்ளதை வாங்குங்கள், 25 டிகிரியில் வைத்து ஒரு மின்விசிறியையும் சுழலவிடுங்கள். ஒப்பந்தக்காரர் கேட்ட 2,900இல் ஒரு பகுதியை அந்த வித்தியாசத்துக்குக் கொடுத்தால் ஒவ்வொரு இரவும் பலன் வரும்.

கேள்வி: வடகிழக்குப் பருவமழை வந்தால் மூங்கில் கழியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காய்வதில்லை. ஹீட் பம்ப் உலர்த்தி, சாதாரண உலர்த்தியைவிட 500 வெள்ளி அதிகம். தகுமா?
வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: சாதாரணக் கருவி ஒரு முழுச் சுமைக்கு நான்கு யூனிட் அளவில் எடுக்கும், ஹீட் பம்ப் ஏறக்குறைய அதில் பாதி. ஒரு சுமைக்கு 60 காசு மிச்சம். ஆண்டு முழுவதும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டினால் நாலரை ஆண்டில் 500 வெள்ளி திரும்பும். மழை மாதங்களில் மட்டும் என்றால் திரும்பாது, சாதாரணக் கருவியே போதும். நான்கு பள்ளிச் சீருடைகள் உள்ள வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஹீட் பம்பின் பக்கம்தான் சாய்கிறேன். குறைந்த சூட்டில் மெதுவாக உலர்த்துவதால் துணி சீக்கிரம் நைந்துபோகாது. ஒவ்வொரு முறையும் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில், பர்மிங்ஹமில் இருக்கிறாள். 1930களில் கட்டிய இரட்டை வீடு, எரிவாயுக் கொதிகலன் பழுது. ஹீட் பம்ப் வைக்க 13,000 பவுண்டு என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், அரசாங்க மானியம் 7,500 போக 5,500 பவுண்டு. ஏறத்தாழ 9,500 வெள்ளி. என் மத்திய சேமநிதியில் எடுத்த பணம் கையில் இருக்கிறது. அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். எனக்கு வயது 67. மகள் கேட்கவில்லை, நானாகத்தான். குளிரில் அவளும் பேத்தியும் கஷ்டப்படுவது மனத்தை அறுக்கிறது.
வாசகி, பிடோக்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பணம் அனுப்பும் முன் மகளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

இங்கே நாம் தண்ணீரை 12 டிகிரி ஏற்றுகிறோம். அங்கே அந்தக் கருவி, வெளியே உறையும் குளிர் இருக்கும் இரவில் ஒரு வீடு முழுவதையும் 20 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். இங்கே குளியலை எண்ணியதுபோல் அங்கே வீடு இழக்கும் வெப்பத்தை எண்ண வேண்டும்: ஒவ்வோர் அறையாக, சுவர், சன்னல், கூரை, தரை என்று அளந்து, எத்தனை கிலோவாட் வெளியேறுகிறது என்ற கணக்கு. நல்ல நிறுவுநர் அந்தக் கணக்கைப் போடாமல் விலையே சொல்ல மாட்டார். மகளுக்கு விலை சொன்னவர் எத்தனை நேரம் வீட்டுக்குள் இருந்தார் என்று கேளுங்கள். இருபது நிமிடத்தில் போய்விட்டார் என்றால் வேறொருவரை அழைக்கச் சொல்லுங்கள்.

மானியத்தைப் பொறுத்தவரை நீங்கள் எழுதியது சரி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022இல் தொடங்கிய கொதிகலன் மேம்பாட்டுத் திட்டத்தில், 2023 அக்டோபர் முதல் 7,500 பவுண்டு. எம்சிஎஸ் (ஹீட் பம்ப் போன்ற கருவிகளைப் பொருத்துவோருக்கான தரச்சான்று) சான்றிதழ் பெற்ற நிறுவுநர்தான் விண்ணப்பித்து, தொகையைக் கழித்துக்கொண்டு விலை சொல்வார். மகள் கையில் பணமாக வராது. நிறுவுவதற்கான மதிப்புக்கூட்டு வரியும் 2027 மார்ச் வரை சுழியம்.

ஆனால் அந்த ஊரில் மின்சாரம் ஒரு யூனிட், எரிவாயு ஒரு யூனிட்டைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு விலை. ஆகவே கருவி ஆண்டுச் சராசரியாக ஒன்றுக்கு மூன்றரைக்குக் குறையாமல் வெப்பம் தந்தால்தான் பழைய எரிவாயுச் செலவுக்குச் சமமாகும். அறைகளைச் சூடேற்றக் குழாயில் ஓடும் நீர் 45 டிகிரி அளவில் இருந்தால் அது கைகூடும், 60க்குப் போனால் கைகூடாது. எரிவாயுக் கொதிகலனுக்காகப் பொருத்திய பழைய வெப்பத் தகடுகள் 45 டிகிரி நீரில் அறையைச் சூடேற்றும் அளவுக்குப் பெரியவையா? இல்லை என்றால் சிலவற்றை மாற்ற வேண்டும். அந்தச் செலவு 13,000க்குள் அடங்கியதா? இப்போது சுவரில் தொங்கும் சின்னக் கொதிகலனாக இருந்தால், புதிதாக வெந்நீர்த் தொட்டி ஒன்றுக்கும் அலமாரி அளவு இடம் வேண்டும். பேத்தியின் அறையிலிருந்து அந்த இடத்தை எடுக்க வேண்டிவருமா என்பதையும் கேளுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் பணத்தில் முதல் பகுதி எதற்குப் போகலாம் என்று என்னைக் கேட்டால், கூரைப் பரணின் வெப்பக்காப்புக்கு என்பேன். அங்கே 270 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. பழைய வீடுகள் பலவற்றில் அதில் பாதிகூட இருக்காது. இதற்கு 5,500 பவுண்டு ஆகாது. இந்தக் குளிர்காலத்திலேயே பேத்தியின் அறையில் வித்தியாசம் தெரியும், பிறகு வாங்கும் ஹீட் பம்பும் சிறியதாக இருக்கலாம். மீதிப் பணத்தை உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள். 67 வயதில் அது உங்களுக்கும் வேண்டும். மகளும் அதையே விரும்புவாள் என்று நம்புகிறேன்.

கொதிகலன் முழுவதுமாக நின்றுவிட்டதா, பழுது பார்த்து ஒரு குளிர்காலம் ஓட்டலாமா என்பதை உங்கள் கடிதத்திலிருந்து அறிய முடியவில்லை. ஓட்டலாம் என்றால் அவசரமே இல்லை, அடுத்த வசந்தத்தில் நிதானமாக மூன்று பேரிடம் விலை கேட்கலாம். அந்த அறைவாரிக் கணக்கு வந்ததும் அதன் நகலை மகளிடம் வாங்கி, வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். வரி வரியாகப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.